மின்விசிறிக் கொக்கியிலிருந்து சொட்டிய நீர்

தாம்பரத்துக்கு அருகே 1996-இல் கட்டிய எங்கள் வீட்டின் மொட்டை மாடியில், கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த சுருக்கியும், அதன் மேல் தட்டோடும் அக்கால வழக்கப்படி போடப்பட்டிருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மறுநாள், நடு அறையில் மின்விசிறி மாட்டியிருந்த இடத்திலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. அந்த அறைக்கான மின்சாரத்தை உடனே துண்டித்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நேர் மேலே இருந்த தட்டோடுகளில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த கோடையில் மாடி முழுவதும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். ஐப்பசி மழைக்கு மறுபடியும் ஒழுகியது. பூச்சு அங்கங்கே கொப்புளம் கட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான், உள்ளே தேங்கிய ஈரத்தை வெளியேறவிடாமல் நானே காசு கொடுத்து மூடி வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

அதன் பிறகு ஒழுகலைக் கவனிக்க ஆரம்பித்தேன். மழை பிடித்துப் பல மணி நேரம் கழித்தே சொட்டியது. மழை விட்ட பின்னும் இரண்டு நாள் சொட்டியது. நேரடி விரிசல் என்றால் மழையோடு வந்து மழையோடு நின்றிருக்கும். ஆகவே சுருக்கி பஞ்சுபோல நீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது என்று ஊகித்தேன். மேலும், நீர் கான்கிரீட்டிலிருந்து கசியாமல், விசிறிப் பெட்டிக்குள் திறக்கும் மின்கம்பிக் குழாயின் வாய் வழியாக வந்தது. தளம் போடும்போதே உள்ளே புதைத்த அந்தக் குழாய் மேற்குச் சுவர்ப் பக்கமிருந்து வருகிறது. வழியில் ஏதோ ஓர் இணைப்பில் புகும் நீர், பத்தடி தள்ளியும் வெளியே வரலாம்.

தை மாதத்தில் மாடியைக் களிமண் வரப்புகளால் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓரங்குலம் நீரை இரண்டு நாள் தேக்கி, இடையில் காயவிட்டுச் சோதித்தோம். முதல் மூன்றில் ஒன்றுமில்லை. மழைநீர்க் குழாய் இருக்கும் நான்காவது பகுதியில் நீர் நின்ற இரண்டாம் நாள் காலை, கீழே வைத்திருந்த வாளியில் சத்தம் கேட்டது.

கொத்தனார் அங்கே தட்டோடுகளைப் பெயர்த்தபோது சுருக்கி கறுத்து, விரலால் குத்தினாலே உதிர்ந்தது. கைப்பிடிச் சுவரைத் துளைத்துச் செல்லும் பிவிசி குழாயைச் சுற்றி ஓர் ஆணி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வழவழப்பான பிவிசியைச் சிமெண்ட் பிடிப்பதில்லை. வெயிலில் அது சிமெண்டைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்குவதால், ஆண்டுகள் போகப் போகச் சுற்றுப்பூச்சு விட்டுப்போகிறது. போதாக்குறைக்கு வேப்பிலைச் சருகு குழாய் வாயை அடைத்து, நீரை அந்த மூலையிலேயே நிறுத்தியிருந்தது.

கான்கிரீட் தெரியும் வரை கொத்தி, ஒரு வாரம் காயவிட்டோம். புதிய குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிப் பொருத்தி, சுற்றிலும் சுருங்காத சிமெண்ட் கலவையை நிரப்பி, விளிம்பைப் பாலியூரித்தேன் சீலன்ட்டால் அடைத்தோம். தளமும் சுவரும் சேரும் மூலையைச் சரிவாகப் பூசி, வலைத்துணி வைத்து, சுவரில் ஓரடி உயரம் வரை நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தோம். மறுபடி நீர் தேக்கிப் பார்த்து, கீழே சொட்டவில்லை என்று உறுதியான பிறகே வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதித்தோம்.

கூரையில் கறையைச் சுற்றி அன்று பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். ஐப்பசி மழையில் கறை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. கார்த்திகையும் கழியட்டும் என்று வண்ணம் பூசாமல் விட்டிருக்கிறேன்.