ஸ்னோஃபிளேக்: நேட்டும் கரண்டும் மணிக்கூடும்

டோர் என்பது இணையத்தில் தடையைத் தாண்டவும் அடையாளம் தெரியாமல் உலாவவும் உதவும் வலையமைப்பு. ஸ்னோஃபிளேக் என்பது, தடைக்குள் இருப்பவர்களை உங்கள் வீட்டு இணைப்பு வழியாக டோருக்குள் விடும் சிறு நிரல். இப்படி இடையில் நின்று கடத்திவிடுவதைத்தான் ரிலே என்கிறேன். கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ நீங்கள் வைக்கும் ரிலே பக்கத்து வீட்டுக்காரருக்கு அல்ல. ஈரானிலும் ரஷ்யாவிலும் டோர் அடைபட்டுக் கிடக்கிறவர்களுக்கு. 2022 ஏப்ரல் 3 அன்று இங்கே பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடங்கியது ஞாபகமிருக்கும். அடுத்த தடவை தடை டோரையும் சேர்த்து விழுந்தால் உங்கள் ரிலேயும் அதே தடைக்குள்தான் மாட்டும். அந்த நாளுக்கு உதவக்கூடியது நாட்டுக்கு வெளியே ஓடுகிற ரிலே. கனடாவில் இருக்கிற மச்சானிடம் சொல்லி வைப்பியுங்கள்.

வீட்டு இணைப்பில் எக்ஸிட் ரிலே (டோரிலிருந்து திறந்த இணையத்துக்கு வெளியேறும் கடைசி ரிலே) வேண்டவே வேண்டாம். அதில் யாரோ செய்கிற வேலைக்கெல்லாம் உங்கள் ஐபி முகவரிதான் தெரியும். ஸ்னோஃபிளேக்கிலும் ஒபிஎஸ்4 (obfs4) பிரிட்ஜிலும் (டோர் போக்குவரத்தை உருமறைத்து உள்ளே விடும் இன்னொரு வகை ரிலே) அந்தத் தலையிடி இல்லை. குறியாக்கப்பட்ட பொதி ஒரு பக்கத்தால் வந்து, மறுபக்கத்தால் டோருக்குள் போகும், அவ்வளவுதான்.

இரண்டில் எது என்பதை உங்கள் ஆசை தீர்மானிக்காது, இணைப்பு தீர்மானிக்கும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) ஐபி என்று ஒன்று இருக்கும். 'என் ஐபி என்ன' என்று தேடினால் வருகிற முகவரியோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலோ 10இலோ தொடங்கினால் நீங்கள் இணைய நிறுவனத்தின் நேட்டுக்குப் (NAT, பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். 4ஜி ரவுட்டர்களில் இது சாதாரணம். அங்கே போர்ட் ஃபோர்வேர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடுவது) எவ்வளவு செய்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. ஒபிஎஸ்4 பிரிட்ஜை மறந்துவிடுங்கள். பைபரில் பொது ஐபி கிடைத்தாலும், ரவுட்டர் அணைந்து எழும்பும்போது அது மாறிவிட்டால், பழைய பிரிட்ஜ் வரியை (பிரிட்ஜின் முகவரி அடங்கிய, டோர் உலாவியில் கொடுக்கும் வரி) வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறுந்துபோவார்கள். வன்னியில் கரண்ட் போய் வருவதை நினைத்துப் பார்த்தால், முகவரி மாறுவதைப் பொருட்படுத்தாத ஸ்னோஃபிளேக்தான் என் தெரிவு.

உலாவியில் நீட்சியாகவும் போடலாம். லப்டொப்பை மூடியதும் நின்றுவிடும். நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் தனி நிரல். டெபியன் லினக்ஸில் ஸ்னோஃபிளேக்-ப்ரொக்ஸி (snowflake-proxy) என்று நேரே நிறுவக்கூடியதாகவே இருக்கிறது. டொக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் முறை) ஓட்டுபவர்கள் ஹோஸ்ட் நெட்வேர்க்கில், அதாவது கணினியின் சொந்த வலையிலேயே, ஓட்டுங்கள். இல்லாவிட்டால் நேட்டுக்கு மேல் இன்னொரு நேட் ஏறும். ஓடத் தொடங்கியதும் லொக்கில் (நிரல் எழுதும் பதிவில்) நேட் வகை வரும். 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்றால் எவரையும் உங்களிடம் அனுப்பலாம். 'ரெஸ்ட்ரிக்டட்' என்றால் இலகுவான நேட் உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள். அதுவும் பயன்தான், நிறுத்த வேண்டாம். பொது ஐபி இருந்தும் ரெஸ்ட்ரிக்டட் காட்டினால், நிரலுக்கு ஒரு போர்ட் வீச்சைக் கொடுத்து (30000 முதல் 60000 வரை என்று வையுங்கள்) அதே வீச்சை யுடிபிக்கு (UDP) ரவுட்டரில் திறவுங்கள். அதற்குப் பதிலாக டிசிபியைத் (TCP) திறந்துவிட்டு வேலை செய்யவில்லை என்று குறைப்படுபவர்கள் அதிகம்.

டேட்டா கணக்கைத் தொடங்க முன்னமே போட வேண்டும். விநாடிக்கு 1 மெகாபிட் இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளைக்கு உள்ளே 10.8 ஜிபி. வந்தது அப்படியே வெளியே போவதால் மொத்தம் 21.6. 100 ஜிபி பக்கேஜ் ஐந்தாம் நாளே முடியும். ஸ்னோஃபிளேக்கில் மாத வரம்பு கிடையாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதைத்தான் கெப்பாசிட்டி என்ற தெரிவால் கட்டுப்படுத்தலாம்.

இனி கரண்ட். நிரலை ஓட்டும் சிறு கணினியான ராஸ்பெரி பை 4 ஏறத்தாழ 5 வாட், ரவுட்டர் 7 வாட் என்று வைத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரியின் பாதியைப் பாவித்து மூன்று மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். பற்றரி இல்லையென்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. பை 4இல் தனி மணிக்கூடு இல்லை. கரண்ட் வந்ததும் பை முந்தி எழும்பும், இணைப்பு பிந்தி வரும். நேரம் பழசாகவே நிற்க, ப்ரோக்கரின் (பயனாளர்களை உங்களிடம் அனுப்பும் சேவையகத்தின்) சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பிழை விழக்கூடும். நேரம் சரியான பிறகே சேவை தொடங்கும்படி சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளைத் தொடக்கிவைக்கும் நிரல்) கட்டுங்கள், அல்லது நாணய பற்றரியுள்ள டிஎஸ்3231 மணிக்கூட்டு மொடியூல் ஒன்றைப் பூட்டுங்கள்.

திடீரென்று அணைவது எஸ்டி காட்டையும் தின்னும். பையின் அமைப்பு நிரலான ராஸ்பி-கொன்ஃபிக்கில் ஓவர்லேயை (எழுதுவதை நினைவகத்தில் மட்டும் வைத்து, அணைந்ததும் மறக்கும் முறை) இயக்கினால் எஸ்டி காட்டில் எழுத்தே விழாது. ஸ்னோஃபிளேக் எதையும் சேமித்து வைக்கத் தேவையில்லாததால் இது நன்றாகப் பொருந்தும். ஒபிஎஸ்4 பிரிட்ஜுக்கு அதன் சாவி உருவாக முன்னமே இதைச் செய்தால் ஒவ்வொரு தடவையும் சாவி அழிந்து புதுப் பிரிட்ஜாகப் பிறக்கும். பையைத் தகரத்துக்குக் கீழே வைக்காதீர்கள். 80 பாகை செல்சியஸைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

பொது நிலையான ஐபி வாய்த்து ஒபிஎஸ்4தான் வைக்கிறீர்கள் என்றால், 9001ஆம் போர்ட்டைத் தவிருங்கள், தடுப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். சோதனையை வீட்டு வைபையிலிருந்து செய்யாதீர்கள். சில ரவுட்டர்கள் உள்ளேயே திருப்பிவிட்டுப் பொய் சொல்லும். போனை 4ஜியில் போட்டு, பிரிட்ஜ் வரியில் ஐபி, போர்ட், கைரேகை (fingerprint, பிரிட்ஜின் அடையாளக் குறி) மூன்றையும் நீங்களே நிரப்பி, டோர் உலாவியில் கொடுத்துப் பாருங்கள். அந்த வரியை பேஸ்புக்கில் போட்டால் தடுப்பவருக்கும் அது போய்ச் சேரும்.

ஸ்னோஃபிளேக்குக்கு இந்தப் பாடு இல்லை. மணிக்கொரு தடவை எத்தனை இணைப்பு, எவ்வளவு டேட்டா என்று லொக்கில் ஒரு வரி விழும். முதல் சில மணித்தியாலங்கள் பூச்சியம் வந்தால் எதையும் கழற்ற வேண்டாம். ஒரு நாள் முழுக்கப் பூச்சியமாகவே நின்றால் மட்டும் மணிக்கூட்டையும் நேட் வகையையும் திரும்பப் பாருங்கள்.