டீசல் பம்ப் ஒழுகல் ஒருவழியாக நின்றது

ஆக்சிலேட்டர் லிவருக்கு அடியில் எப்போதும் நசநசவென்று இருந்த டி.பி.ஏ. வகை ரோட்டரி பம்ப் (இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்புவது) இப்போது காய்ந்து கிடக்கிறது. பம்ப் முழுக்க டீசலும் தூசியும் அப்பிக் கிடந்ததால் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியவில்லை. கழுவித் துடைத்து, பவுடர் தூவி ஓட விட்டதும் லிவர் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில்தான் முதலில் நனைந்தது. இதற்குப் பம்பை இறக்கி டைமிங்கை (டீசல் பாயும் நேரத்தின் அமைப்பை)க் கலைக்க வேண்டியதில்லை, மேல் கவரைத் திறந்தாலே போதும்.

திறக்கும்போது கவரை வெடுக்கென்று தூக்காதீர்கள். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங் உள்ளே கொக்கியில் மாட்டியிருக்கும், எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். ஓட்டை மாறினால் கவர்னரின் நடத்தையே மாறிவிடும்.

அப்புறம் லிவர் ஷாஃப்ட்டில் ஒழுகலைத் தடுக்கும் அந்த ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். பார்த்தால் சின்னது, ஆனால் உயிரை எடுக்கும். ஷாஃப்ட் முனையில் இருக்கிற மரையைத் தாண்டித்தான் அதன் பள்ளத்துக்குப் போக வேண்டும், மரையின் விளிம்பு பட்டால் மயிரிழை அளவுக்குக் கீறிவிடும், கண்ணுக்கும் தெரியாது, பூட்டி முடித்து ஓட விட்டால் மறுபடி அதே ஈரம். மரை மேல் வழவழப்பான டேப்பை இறுக்கிச் சுற்றி, கிரீஸ் தடவி, ரிங்கை முறுக்காமல் உருட்டாமல் நேராகத் தள்ளினேன். கவர் துளையின் உள்விளிம்பில் பிசிறு இருந்தது, அதையும் நைஸ் எமரியால் தேய்த்து, தூள் ஒரு துளி இல்லாமல் கழுவினேன். சீல் கிட் வாங்கும்போது பம்பின் தகட்டில் உள்ள நம்பரைச் சொல்லி, விட்டான் என்ற ரப்பர் வகை ரிங்காகவே கேளுங்கள். கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறியபோது பழைய நைட்ரைல் ரப்பர் ரிங்குகள் சுருங்கி ஒழுகிய கதை பல வண்டிகளில் நடந்ததுதான்.

மூடியபின் டீசல் லைனில் சிக்கிய ஏரை எடுத்து, செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் காற்று உறிஞ்சும் வாயை அடைக்க ஒரு தட்டைப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டேன். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மீட்டரிங் வால்வின் இணைப்பு உள்ளே கழன்றிருந்தால் இன்ஜின் தறிகெட்டு ஓடும், அப்போது ஸ்டாப் குமிழை மட்டும் நம்ப முடியாது. நல்லவேளை, பலகைக்கு வேலை வரவில்லை.

ஐடிலிங் இன்னும் கொஞ்சம் துள்ளுகிறது, அதைச் சரி செய்யணும். அதிகபட்ச வேகத்தை வரையறுக்கும் மேக்சிமம் ஸ்க்ரூவின் ஈய சீலைத் தொடப்போவதில்லை. அதற்குள் இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை வேறு, ஆயில் அளவும் கூடியிருக்கிறது. பம்பின் டிரைவ் ஷாஃப்ட் சீல் வழியாக டீசல் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகம், அதுவென்றால் பம்பை இறக்கியே ஆகணும்.