கைமுதல் இல்லாத ஊருக்கு அறிவிக்கப்படும் மானியம்

வெள்ளமோ புயலோ ஒரு சிறுநகரைப் புரட்டிப் போட்டபின் வெளியாகும் நிவாரண அறிவிப்பைப் பார்த்து, பணம் வந்து சேர்ந்துவிட்டதாகவே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். நெடுநாள் கணக்கு எழுதிப் பழகிய நான் தொகையைப் பார்ப்பதற்கு முன், அது செலவுக்கு முன்னால் வருமா, செலவழித்த பின்னால் வருமா என்றுதான் தேடுவேன்.

அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டப்படி, பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியில் சாலை, குடிநீர்க் குழாய் போன்ற பொதுச் சொத்துகளைச் சீரமைக்கும் செலவில் பொதுவாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் மைய அரசு ஏற்கிறது. கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய வேலைகளுக்கு அந்தப் பணம் பெரும்பாலும் செலவை ஈடுசெய்யும் தொகையாகவே வருகிறது. ஊர் நிர்வாகம் ஒப்பந்தக்காரருக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு பில்லும் ரசீதுமாகப் போய் நிற்க வேண்டும். இடிபாடுகளை அள்ளும் கூலியே ஓராண்டு வரி வருவாயைத் தாண்டிவிடும் ஊர், எஞ்சிய 25 சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பே கடனுக்கு அலையத் தொடங்கிவிடும்.

இதில் சிக்கல் மிகச் சிறிய காகிதத்தில் இருக்கிறது. இடிபாடு ஏற்றிய ஒவ்வொரு லாரிக்கும் வண்டி எண், ஏற்றிய இடம், கொட்டிய இடம், அளவு, நேரம் ஆகியவற்றைக் குறித்த சீட்டு வேண்டும். முறிந்த மரத்தை அப்புறப்படுத்துமுன் படம் எடுத்திருக்க வேண்டும். தெருவைத் திறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், தம் வீடும் நனைந்து கிடக்கும் இரண்டு மூன்று ஊழியர்கள் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் கொடுமைதான். ஆயினும் சீட்டு இல்லாத நடைக்குப் பணம் கேட்பது கடினம். தணிக்கையில் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் நிலையும் வரலாம்.

1993ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளத்தில் மூழ்கிய இல்லினாய் மாநிலத்து வால்மையர், ஏறத்தாழ 900 பேர் வாழ்ந்த ஊர். அது பழைய இடத்தைக் கைவிட்டு மேட்டுநிலத்தில் புதிதாக எழுந்தது. மைய, மாநில அரசுகளின் நிதி இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் அந்த நிதியைக் கேட்டுப் பெறுவதற்கு ஊரார் குழு குழுவாக உட்கார்ந்து திட்டம் வகுத்ததும், வட்டார அளவில் திட்டமிடல் தெரிந்தவர்கள் துணைநின்றதும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. அப்போதும் எல்லாக் குடும்பங்களும் புது ஊருக்குப் போய்விடவில்லை. வீடு கட்டி முடியும்வரை காத்திருக்க எல்லாராலும் முடியாது அல்லவா?

காத்திருப்பைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. 2004இல் ஐவன் புயல் கிரெனடாவைச் சிதைத்த அனுபவத்துக்குப் பின், கரீபிய நாடுகள் 2007இல் கூட்டுக் காப்பீட்டு நிதியம் ஒன்றைத் தொடங்கின. சேதத்தை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்காமல், காற்றின் வேகம் போன்ற அளவுகள் வரம்பைத் தாண்டினால் 14 நாட்களுக்குள் பணம் தருவது அதன் முறை. சேதம் கடுமையாக இருந்தும் அளவு வரம்பைத் தொடாமல் போனால் ஒன்றும் கிடைக்காது என்பது அதன் குறை. ஆகவே அது சேமிப்புக்கு மாற்றாகாது. முதல் மாதத்தைத் தாண்ட உதவும், அவ்வளவே.

என்னைக் கேட்டால், மழைக்காலத்துக்கு முன்பே இடிபாடு அகற்றும் கூலியை ஒப்பந்தக்காரரோடு பேசி முடித்து, அவசரக் கடனுக்கு வங்கியின் ஒப்புதலையும் வாங்கி வைத்து, லாரிச் சீட்டு எழுதப்போகிறவர் யார் என்பதையும் ஊர் நிர்வாகம் தீர்மானித்திருக்க வேண்டும். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டால் எழுதப்போகும் இன்னொருவர் பெயரும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.