ஆலங்கட்டி மழைல டொக்கு விழுந்த கார், பட்டி வைக்காம சரி பண்ணி க்ளைம் வாங்கின அனுபவம்

மழை மொத்தமே ஒரு பத்து நிமிஷம்தான் இருக்கும். வண்டி வெட்டவெளி பார்க்கிங்ல நிக்குது, நான் ஜன்னல் பக்கம் நின்னு பாத்துட்டு இருக்கேன், தகரத்து மேல கூடை கூடையா ஜல்லி கொட்டுற மாதிரி சத்தம், ஓடிப்போய் ஒரு போர்வையாவது போர்த்திடலாம்னு கால் துடிக்குது, பக்கத்துல நின்னவர் கையை இறுக்கிப் புடிச்சு நிறுத்திட்டார். அவர் செஞ்சதுதான் சரி. ரெண்டரைல இருந்து நாலரை சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கற கல்லு மணிக்கு 40, 60 கிலோமீட்டர் வேகத்துல வருமாம், அது மண்டைல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. வண்டிய எப்படியாவது சரி பண்ணிக்கலாம், தயவுசெஞ்சு யாரும் நடுவுல வெளிய போகாதீங்க.

மழை விட்டதும் போய் பாத்தேன். முன் கண்ணாடில கீழ்மூலைல இருந்து ஒரு விரிசல், பானெட்ல அங்கங்க குழி, ரூஃப எட்டிப் பாத்தா மனசு கனத்துப் போச்சு. கட்டைவிரல வச்சு மெதுவா இழுத்துட்டே போனா கண்ணுக்குத் தெரியாத குழி கூட விரலுக்கு தடுக்குது. அன்னைக்கு நான் எண்ணினது முப்பது சொச்சம். அந்த எண்ணிக்கை எவ்வளவு தப்புன்னு பின்னாடி சொல்றேன், ஏன்னா இந்த முழுக் கதையும் அந்த எண்ணிக்கைலதான் இருக்கு.

முதல் வேலையா தரைல கிடந்த கல்லு கரையறதுக்குள்ள ஒரு ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்தேன். அப்புறம் வண்டிய எடுத்தேன், ஆனா நேரா நின்னு எடுத்த படத்துல ஒண்ணுமே தெரியல, பெயிண்ட் பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. தாழ குனிஞ்சு, பக்கத்து கட்டடத்தோட ஜன்னல் கம்பி பானெட்ல பிரதிபலிக்கற மாதிரி நின்னு எடுத்தப்பதான் கம்பி எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு தெரிஞ்சுது, அந்த நெளிவுதான் டென்ட். நீங்களும் அப்படி எடுங்க. நாலு பக்கம், நம்பர் பிளேட், விரிசல், எல்லாம். மழை பெஞ்ச தேதி நேரத்தையும் எழுதி வச்சுக்கோங்க, க்ளைம் ஃபார்ம்ல முதல் கேள்வியே அதுதான். கண்ணாடி முழுசா உடஞ்சிருந்தா உடனே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிடணும், இல்லன்னா உள்ள தண்ணி போய் சீட்டு நாசமானதுக்கு இன்சூரன்ஸ்காரங்க நம்மளயே கை காட்டுவாங்க, அந்த ஷீட் வாங்கின பில்லையும் வச்சிருங்க.

ராத்திரி பாலிசி பேப்பர எடுத்து வரி வரியா படிச்சேன். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா ஆலங்கட்டிக்கு ஒண்ணும் வராது, நம்ம வண்டிக்கு வர்ற சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியா இருக்கணும், எங்கிட்ட அது இருந்துச்சு. பாக்க வேண்டியது நம்ம கைல இருந்து போற டிடக்டிபிள் எவ்வளவு, கண்ணாடிக்கு தனி கணக்கா, ரிப்பேர் முடியற வரைக்கும் மாத்து வண்டி தருவாங்களா, பிளாஸ்டிக் சாமானுக்கு தேய்மானம் கழிப்பாங்களா, க்ளைம் போடாத வருஷத்துக்கு தர்ற போனஸ், இப்ப க்ளைம் போட்டா போயிடுமா. இதெல்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால போன்ல கேட்டுட்டு அதையே மெயில்லயும் கேட்டு எழுத்துல வாங்கிட்டேன்.

மறுநாளே ஒருத்தர் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறார், அந்த ஏரியால டொக்கு விழுந்த வண்டி எல்லாம் பாத்துட்டு வர்றாராம், இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார், டிடக்டிபிள் நாங்க பாத்துக்கறோம், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லன்னார். ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த காசு எங்கிருந்து வரும்னு கேட்டதுக்கு நேரான பதில் இல்ல. வேற எங்கிருந்து வரும், பில்ல ஏத்தித்தான் வரும், இல்லாத டென்ட எழுதி வரும், க்ளைம் என் பேர்ல இருக்கு, மாட்டினா மாட்டறது நான்தான். அவர் நீட்டின பேப்பர்ல ரிப்பேர்ல இருந்து இன்சூரன்ஸ் பணம் வாங்கற வரைக்கும் எல்லா உரிமையும் அவங்களுக்கே எழுதிக் கொடுக்கற மாதிரி இருந்துச்சு. வேண்டாம்னு அனுப்பிட்டேன்.

நாலாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனில இருந்து சேதத்த மதிப்பிடற சர்வேயர் வந்தார், உச்சி வெயில், வண்டி திறந்த இடத்துல, கால் மணி நேரத்துல சுத்தி வந்து 46 டென்ட்னு எழுதினார். பானெட் மாத்தணும், ரூஃப டிங்கரிங் பண்ணி, பட்டி (குழிய நிரப்பற பசை) பாத்து பெயிண்ட் அடிக்கணும்னு எஸ்டிமேட். வேணும்னா ரிப்பேர் பண்ணாம அந்த தொகைய பணமாவே வாங்கிக்கலாம், இங்க கையெழுத்து போட்டா முடிஞ்சுதுன்னும் சொன்னார். அலைச்சல் இல்லாம முடிஞ்சா போதும்னு பேனாவ கூட எடுத்துட்டேன், அப்புறம் ஏதோ தோணி, ஒரு நாள் டைம் கொடுங்கன்னு கேட்டு வச்சேன். அந்த ஒரு நாள்தான் என்னைக் காப்பாத்துச்சு.

பெயிண்ட் அடிக்காம டென்ட் எடுக்கறவங்க இருக்காங்க, பிடிஆர்னு சொல்லுவாங்க, அதுல ரொம்ப வருஷமா இருக்கற ஒரு அண்ணன்கிட்ட வண்டிய கொண்டு போனேன். அவர் முதல்ல கழுவச் சொன்னார், அப்புறம் ஷெட்டுக்குள்ள விட்டு ஷட்டர இறக்கி, கோடு கோடா வெளிச்சம் விழற நீள லைட் ஒண்ண ரூஃப் மேல சாய்ச்சு வச்சார். சத்தியமா சொல்றேன், எனக்கு வயிறு கலங்கிடுச்சு. நேரா போக வேண்டிய கோடு ஒவ்வொரு குழிக்கும் உள்ள வளஞ்சு முடிச்சு விழுந்த நூல் மாதிரி ஆகுது. அழியற மார்க்கரால ஒவ்வொண்ணா வட்டம் போட்டுட்டே போனார், ரூஃப், பானெட், டிக்கி, ரெண்டு பக்க பில்லர் (ரூஃப தாங்கற தூண்), கதவு மேல் விளிம்பு, மொத்தம் 131. வெயில்ல 46, லைட்ல 131. சர்வேயர் மேல தப்பு சொல்ல மாட்டேன், வெயில்ல வெள்ளிக் கலர் வண்டில யாருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அண்ணன் கேட்ட ஒரு கேள்விதான் என்னை மாத்துச்சு. "கம்பெனில அடிச்ச பெயிண்ட் வெடிக்கல, உரியல, அப்புறம் எதுக்கு தம்பி அத சுரண்டி எடுக்கணும்?" ஃபேக்டரில அடிச்சு சூளைல சுட்ட பெயிண்ட் மாதிரி மறுபடி வெளிய அடிக்கறது கஷ்டம், பட்டி வச்ச இடத்துல பெயிண்ட் அளக்கற மீட்டர வச்சா உடனே காட்டிக் கொடுத்துடும், விக்கப் போறப்ப ஆக்ஸிடன்ட் வண்டின்னு விலைய குறைப்பாங்க. பெயிண்ட் வெடிச்சிருந்தாலோ, தகடு ரொம்ப இழுபட்டு கூர்மையா மடிஞ்சிருந்தாலோ பிடிஆர் சரி வராதுன்னும் அவரே சொன்னார், என் வண்டில அப்படி ஒண்ணும் இல்ல.

அடுத்து அந்த 131ஐ இன்சூரன்ஸ் கம்பெனிய ஒத்துக்க வைக்கணும். இந்த வேலைக்கு கணக்கு போடறது ஒரு அட்டவணை வச்சு, எந்த பேனல் (பானெட், ரூஃப் மாதிரி ஒவ்வொரு தகடும் ஒரு பேனல்), அதுல எத்தன டென்ட், ஒவ்வொண்ணும் எந்த சைஸ், நாணய அளவுல வச்சு சின்னது பெருசுன்னு பிரிப்பாங்க. அலுமினியம்னா தனியா கூடுதல், என் பானெட்ல காந்தத்த வச்சா ஒட்டல, அதாவது அலுமினியம், அத தள்ளறது இரும்பு மாதிரி இல்ல, சூடு காட்டி மெதுவா தள்ளணும், நேரம் அதிகம். முதல் எஸ்டிமேட்ல இதெல்லாம் எதுவுமே இல்ல. வட்டம் போட்ட ஒவ்வொரு பேனலையும் போட்டோ எடுத்து, அண்ணன் எழுதின ஷீட்டோட சேர்த்து, முதல் எஸ்டிமேட்ல விட்டுப்போனதுக்கு சப்ளிமெண்ட் வேணும், ஷெட்ல லைட்டுக்கு கீழ மறு சர்வே பண்ணுங்கன்னு மெயில் போட்டேன். ரிப்பேர தொடங்கல. இது முக்கியம், அவங்க வந்து பாக்கறதுக்கு முன்னாடி கைய வச்சா, இருந்துச்சுன்னு எப்படி நிரூபிப்பீங்க?

அந்த ஒரு வாரம் வேற ஒரு பயம். தொகை ஏற ஏற, வண்டியோட மதிப்புல இவ்வளவு சதவீதத்த தாண்டினா டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் பண்றது கட்டாதுன்னு முடிச்சிடுவாங்களே, வண்டியே போயிடுமேன்னு. பழைய வண்டி வச்சிருக்கவங்க அந்த வரம்பு எவ்வளவுன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. என் கணக்கு அதுக்கு கீழதான் நின்னுச்சு.

அதே சர்வேயர் வந்தார். லைட்ட போட்டதும் குனிஞ்சு பாத்தார், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அவரே எண்ண ஆரம்பிச்சார். சில சைஸ்ல அண்ணனுக்கும் அவருக்கும் வாக்குவாதம், நாலஞ்ச விட்டுக் கொடுத்தாங்க, 127ல ஒத்துக்கிட்டு புது எஸ்டிமேட் வந்துச்சு, பானெட் மாத்தறது போச்சு, ரூஃப் பெயிண்ட் போச்சு, ரூஃப் லைனிங் (ரூஃபுக்கு உள்பக்கம் இருக்கற உறை) கழட்டி மாட்டற கூலி சேந்துச்சு.

ரூஃப் வேலைய நான் பக்கத்துல நின்னு பாத்தேன். பேட்டரி வயர கழட்டி (பக்கவாட்டு ஏர்பேக் லைனிங் ஓரத்துல இருக்கறதால கண்டிப்பா இத செய்யணும்), கைப்பிடி, சன் வைசர் எல்லாம் எடுத்து லைனிங்க கீழ இறக்கினார். அப்புறம் நுனி வளஞ்ச நீளக் கம்பிய உள்ள விட்டு, கண்ண லைட்டோட கோட்டுல வச்சுகிட்டு, அடில இருந்து ஒரு சின்ன அழுத்து. கோடு லேசா அசையுது. இன்னொரு அழுத்து. வளைவு கொஞ்சம் நிமிருது. குழி ஒரே தள்ளுல வராது, ஒரு டென்ட்டுக்கே நூறு தடவ கூட தள்ளுவார், நடுவுல கொஞ்சம் மேல புடைச்சுட்டா பிளாஸ்டிக் குச்சிய வச்சு குட்டி சுத்தியால டொக் டொக்குன்னு தட்டி இறக்குவார். தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் கூட கிடையாது, கம்பி நுனி அரை விரல்கட தப்பினா புதுசா ஒரு புடைப்பு. கடைசில கோடு பட்டுன்னு நேராகற அந்த நொடிய பாக்கணும், அங்க குழி இருந்துச்சுன்னு நானே நம்பல. கம்பி போக வழியில்லாத பில்லர் ஓரத்துல சூடான பசைல ஒரு பிளாஸ்டிக் பட்டன ஒட்டி வெளிய இருந்து இழுத்தார். உள்ள ஓட்ட போட்டு கம்பி விடறவங்களும் இருக்காங்களாம், அங்கதான் பின்னாடி துரு புடிக்கும்னு அவர் செய்யல, நீங்களும் முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

லைனிங் இறக்கினப்ப ஒரு தடவ மட்டும் போட்டா மறுபடி பயன்படாத கிளிப் சில உடஞ்சுது, அதுக்கும் படம் எடுத்து இன்னொரு சப்ளிமெண்ட், ரெண்டே நாள்ல வந்துடுச்சு. முன் கண்ணாடிய கடைசில மாத்தினோம். கண்ணாடிக்கு பின்னாடி கேமரா இருக்கற வண்டின்னா மாத்தினதுக்கப்புறம் காலிபரேஷன், அதாவது கேமரா சரியா பாக்கற மாதிரி செட் பண்ணியே ஆகணும், இல்லன்னா தானா பிரேக் புடிக்கறதும் லேன் காட்டறதும் தப்பா வேலை செய்யலாம், அந்த செலவையும் க்ளைம்லயே கேளுங்க, நான் கேட்டேன், கொடுத்தாங்க.

மழை பெஞ்சதுல இருந்து 23ஆம் நாள் வண்டி ரெடி. லோன் இருந்ததால பணம் பேங்க் பேரும் என் பேரும் சேந்து வந்துச்சு, பேங்க்ல ஒரு கடிதம் வாங்க மூணு நாள் அலைஞ்சேன், லோன் இருக்கவங்க இத முதல் வாரமே கேட்டு வச்சிருங்க. டிடக்டிபிள நான் கட்டினேன், பில்ல முழுசா வாங்கினேன், அதுல பட்டி இல்ல, பெயிண்ட் இல்லன்னு எழுதச் சொன்னேன். முன்ன எடுத்த படம், பின்ன எடுத்த படம், பில் எல்லாம் ஒரு ஃபைல்ல இருக்கு, நாளைக்கு இன்னொரு தடவ கல்லு விழுந்தா பழைய டென்ட் சரி பண்ணினீங்களான்னுதான் முதல்ல கேப்பாங்க.

வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி அதே லைட்ட வைக்கச் சொல்லி ஒவ்வொரு பேனலா பாத்தேன். இடது பக்கம் பின்னாடி பில்லர்ல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, காட்டினேன், அண்ணன் முகம் சுளிக்காம உக்காந்து கால் மணி நேரத்துல எடுத்துக் கொடுத்தார். வெளிய கொண்டு வந்து சாயங்கால வெளிச்சத்துல ரூஃப் மேல கட்டைவிரல வச்சு இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துப் பாத்தேன். எங்கயும் தடுக்கல.