மருமகள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதற்கு என்ன காகிதம்?

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மருமகளோ மருமகனோ கிராமத்து வீட்டுக்கு வந்து குடியிருக்கப் போகிறார் என்றால், அந்தக் குடும்பத்துப் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசா வாங்குவது பெரிய பாடில்லை. வந்தவர் இந்த வீட்டில்தான் இருக்கிறார் என்று காகிதத்தில் காட்டுவதுதான் பாடு. அதில் பட்ட அலைச்சல் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

என் மகன் கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணை 2019இல் கல்யாணம் செய்துகொண்டான். அங்கேயே கோயிலில் தாலி கட்டி, அந்த நாட்டுப் பதிவுத் துறையிலும் பதிவு செய்தார்கள். 2023இல் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டார்கள். காவேரிப்பட்டணத்தை அடுத்த கிராமம் எங்களுடையது. மருமகளும் பேரனும் மலேசியக் குடிமக்கள். இந்தியக் குடிமகனின் மனைவிக்கும் பிள்ளைக்கும் தரும் நுழைவு விசா, எக்ஸ் விசா என்பார்கள், அங்கேயே ஒரு வருடத்துக்குக் கிடைத்துவிட்டது. மகன் ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்ததால் இங்கே வந்த பிறகு நடையெல்லாம் நானும் மருமகளும்தான்.

முதல் சிக்கல் அவர்கள் வந்து இறங்கிய மறுநாளே. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அப்போது அதற்கான படிவம் ஃபார்ம் சி. லாட்ஜ் மட்டுமல்ல, வீடும் இதில் சேர்த்தி. சொந்த மருமகளாக இருந்தாலும் விலக்கு இல்லை. அதற்கு வீட்டு உரிமையாளர் முதலில் ஒரு கணக்கு தொடங்கி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் வரவில்லை, மணி ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். "அது லாட்ஜுக்காரங்க போடறது சார். வீட்டுக்கு எதுக்கு? உங்க மருமகதானே, போய்ட்டு வாங்க" என்றார் அங்கிருந்தவர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நாளைக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேள்வி வந்தால் பதில் சொல்லப் போவது அவர் இல்லை. இன்னார், இந்தப் பாஸ்போர்ட் எண், இந்தத் தேதியில் என் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வெள்ளைத்தாளில் எழுதி நீட்டினேன். வாங்க மறுத்தார். பக்கத்து மேஜையில் இருந்த அம்மா ஒருவர் வாங்கி, நகலில் முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு தாள் பின்னால் பல இடத்தில் எங்களைக் காப்பாற்றியது. யார் "தேவையில்லை" என்று சொன்னாலும் எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கிவிட்டுத்தான் நகருங்கள்.

அடுத்தது பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட விசாவில் வந்தவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 2018இலிருந்து இதற்கு இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற இணையதளம் இருக்கிறது. வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், அழைத்தால் மட்டும் நேரில் போனால் போதும். பேரனுக்கு அப்போது 3 வயது. 12 வயதுக்குக் கீழ் இருந்ததால் அவனுக்குப் பதிவு வேண்டியிருக்கவில்லை. ஆனால் விசா முடியும்போது அவனுக்கும் தனியாக நீட்டிப்பு விண்ணப்பம் போட்டாக வேண்டும். பதிவு வேண்டாம் என்பதைக் கேட்டு நீட்டிப்பும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். தாயோடு பிள்ளையைச் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போட முடியாது.

ஆவணங்களை ஏற்றினோம். சில நாளில் பதில் வந்தது: குடியிருப்புச் சான்று தெளிவாக இல்லை, வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும் ஆவணம் தேவை.

இங்கேதான் சிக்கினோம். மகனுடைய பாஸ்போர்ட் கோலாலம்பூரில் புதுப்பித்தது. அவன் ஆதாரில் முன்பு வேலை பார்த்த சென்னை விலாசம். வீட்டு மின் இணைப்பு காலமான என் அப்பா பெயரில். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் கரண்ட் கார்டு தாத்தா பெயரில்தான் ஓடுகிறது. தவறாமல் பணம் கட்டினால் யாரும் கேட்பதில்லை, அதனால் மாற்றுவதும் இல்லை. நிலம் என் அப்பா 1961இல் கிரயம் வாங்கியது. பட்டா எனக்கும் என் தம்பிக்கும் கூட்டுப் பட்டா.

மின் இணைப்பின் பெயர் மாற்றத்துக்கும், கூடவே ஒரு குடியிருப்புச் சான்றுக்கும் எங்கள் பகுதியில் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கிருந்த எழுத்தர் பத்திரத்தைப் பார்த்தார், பழைய மின் அட்டையைப் பார்த்தார், என் ஆதாரைப் பார்த்தார்.

"பத்திரத்துல சேலம் மாவட்டம்னு இருக்கு. கரண்ட் கார்டுல தர்மபுரி மாவட்டம். ஆதார்ல கிருஷ்ணகிரி. மூணும் வேற வேற விலாசம் சார். எதை வச்சு இது ஒரே வீடுன்னு எழுதறது?"

வீடு ஒரு அடிகூட நகரவில்லை. 1965 அக்டோபர் 2 வரை இது சேலம் மாவட்டம். அன்றைக்குத் தர்மபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கும் அரசு ஊழியருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "அது சரி, அதுக்கு ஆதாரம் கொண்டாங்க" என்றார். கைக்குழந்தைபோலத் தோளில் தூங்கும் பேரனோடு மருமகள் வெளியே நின்றிருந்தாள். "மாமா, நான் வேணும்னா திரும்பிப் போய்ட்டு மறுபடி வேற விசாவுல வரட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை அதிகம் வருத்தியது. கல்யாணமாகி வந்த வீட்டில் இருக்க ஒரு பெண் இப்படிக் கேட்க நேர்ந்ததே.

வழி காட்டியவர் எங்கள் கிராம நிர்வாக அலுவலர். இளைஞர், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. "மாவட்டப் பேரை விட்ருங்க ஐயா, சர்வே நம்பரைப் பிடிங்க" என்றார். நூற்றுக்கு நூறு சரி. மாவட்டம் மாறும், தாலுகா மாறும், சர்வே எண்ணை வைத்து நிலத்தைக் காட்டிவிடலாம். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1980களில் நடந்த யு.டி.ஆர். நில ஆவணப் புதுப்பிப்பில் உட்பிரிவு எண்கள் பல இடங்களில் மாறின. எங்கள் 1961 பத்திரத்தில் இருப்பது பழைய எண். பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் ஒப்பீட்டு நகல் வாங்கினோம். இன்றைய பட்டா, சிட்டாவை இ-சேவை இணையதளத்திலிருந்து எடுத்தோம். அதில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றே இருக்கும். பிறகு, "பத்திரத்தில் இந்தப் பழைய எண்ணிலும் தற்போது இந்தப் புதிய எண்ணிலும் உள்ள இடத்தில் கட்டப்பட்ட இந்தக் கதவு எண் வீட்டில் இன்னார் குடும்பத்தோடு வசிக்கிறார்" என்று சான்றில் எழுதி வாங்கினோம். வெறுமனே "இன்னார் இவ்வூரில் வசிக்கிறார்" என்று எழுதிய சான்று எங்களுக்கு எங்கேயும் செல்லவில்லை. நத்தத்தில் வீடு உள்ளவர்கள் நத்தம் பட்டா நகலை ஆள் வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு அது கிடைக்காது.

வாரிசுச் சான்றிதழ், ஓசூரில் இருக்கும் தம்பியின் சம்மதக் கடிதம், தங்கையின் கையெழுத்து எல்லாம் வைத்து மின் இணைப்பும் என் பெயருக்கு வந்தது. தம்பி ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டான். பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் உள்ள வீடாக இருந்தால் இந்த இடத்திலேயே எல்லாம் நின்றுபோயிருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இதற்கு நடுவே கிருஷ்ணகிரியில் ஒரு ஏஜென்ட் சொன்ன யோசனையையும் சொல்லிவிடுகிறேன். "பெங்களூரு 90 கிலோமீட்டர்தான் சார். அங்க ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுடலாம், சுலபமா முடிஞ்சிடும்." தூரக் கணக்குக்கு ஆசையாகத்தான் இருந்தது. எங்களுக்குச் சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் தமிழ்நாட்டு விலாசத்தில் குடியிருப்பவருக்குச் சென்னைப் பதிவு அலுவலகம்தான். இல்லாத விலாசத்தைக் கொடுத்து வெளிநாட்டவரைப் பதிவது குற்றம். விசாரணைக்கு ஆள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் பாதிக்கப்படுவது ஏஜென்ட் இல்லை, நம் வீட்டுப் பெண். இந்த யோசனையை யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

திருத்திய ஆவணங்களை ஏற்றிய பிறகு விசாரணைக்கு ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். முத்திரை குத்திய அந்த முதல் நாள் கடிதத்தைப் பார்த்ததும், "இதைச் செஞ்சு வச்சிருக்கீங்களே, நல்லதாப் போச்சு" என்றார். எதிர்வீட்டு அக்காவிடம் விசாரித்தார். அந்த அக்கா, மருமகள் காலையில் எத்தனை மணிக்குக் கோலம் போடுகிறாள் என்பதிலிருந்து ஆரம்பித்துவிட்டார். குடியிருப்பு அனுமதி பிறகு மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்து, லேமினேட் செய்து மருமகள் கையில் கொடுத்தபோது அவள் அழுதுவிட்டாள். அடுத்த வருட நீட்டிப்பு இதே ஆவணங்களோடு சிக்கலில்லாமல் நடந்தது.

அதன் பிறகு ஓ.சி.ஐ. அட்டை. வெளிநாட்டுக் குடிமக்கள் விசா இல்லாமல் இங்கே வந்து தங்க இந்திய அரசு தரும் அட்டை அது. இது இரட்டைக் குடியுரிமை இல்லை. மருமகள் மலேசியக் குடிமகளாகவே இருப்பாள். ஆனால் வருடா வருடம் விசா நீட்டிக்கும் தொல்லை தீரும். இந்தியரை மணந்தவர் என்ற வகையில் விண்ணப்பிக்கத் திருமணம் பதிவாகி 2 வருடம் தொடர்ந்திருக்க வேண்டும், பாதுகாப்பு விசாரணையும் உண்டு. இந்தியாவுக்குள்ளிருந்து விண்ணப்பித்தால் சுற்றுலா விசாவில் இருக்கக் கூடாது, 6 மாதமாவது இங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். மருமகளின் கொள்ளுத்தாத்தா சேலம் ஜில்லாவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். அந்த வம்சாவளி வழியிலும் முயலலாமா என்று பார்த்தோம். அவர் பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கணவன் வழியே போனோம்.

இதில் மாட்டியது திருமணச் சான்றிதழ். அது மலாய் மொழியில் இருக்கிறது. டவுனில் ஒருவர், "இங்கேயே ஆங்கிலத்துல டைப் பண்ணி நோட்டரி கையெழுத்து வாங்கினாப் போதும்" என்று பணமும் வாங்கிக்கொண்டார். அது செல்லவில்லை, பணம் போனது போனதுதான். அசல் சான்றுக்கும் மொழிபெயர்ப்புக்கும் அந்த நாட்டிலேயே சான்றொப்பம் வாங்க வேண்டியதாயிற்று. சம்பந்தியம்மா அந்த வயதில் பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர், அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம், பிறகு நம் இந்தியத் தூதரகம் என்று வரிசையாக முடித்து கூரியரில் அனுப்பினார். மலேசியாவிலிருந்து பெண் எடுத்தவர்கள் இந்த வேலையை அங்கே இருக்கும்போதே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதே.

மலேசியத் தமிழ்ப் பெண்களின் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே 'ஏ/பி' என்று ஒரு சாய்கோட்டோடு வரும், 'இன்னார் மகள்' என்பதன் மலாய்ச் சுருக்கம். விசாவில் அந்தக் கோடு இல்லாமல் அச்சாகியிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று மருமகள் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைத்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேள்வி வரவில்லை. புகைப்படத்திலும் கவனம் தேவை. 51 மி.மீ. சதுரம், பின்னணி வெளிர் நிறமாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருக்கக் கூடாது. நம் ஊர் ஸ்டூடியோவில் சொல்லாவிட்டால் வெள்ளையில்தான் எடுப்பார்கள்.

கட்டணம் 15,000 ரூபாய். நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் இணைப்புக் கட்டடத்தில் உள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு அசல் ஆவணங்களோடு போனோம். அங்கே பேசியவர் மரியாதையாகப் பேசினார், கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தார், மகனிடமும் மருமகளிடமும் சில கேள்வி கேட்டார். வேலை முடிந்தது. அட்டையும் வந்தது.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவது வேறு. அட்டை வந்த சந்தோஷத்தில் மருமகள் பெயரில் தோப்பு கிரயம் செய்யப் போய்விடாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் வேலை பழைய சட்டங்களின்கீழ் நடந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்து, 1946ஆம் வருட வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் போய்விட்டன. தங்கவைப்பவர் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை புதியதிலும் இருக்கிறது. படிவங்களை மட்டும் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி உண்டு. மலேசியப் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான். கணவன் வழியில் அட்டை வாங்கியவர் பாஸ்போர்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும், புதியது கைக்கு வந்த 3 மாதத்துக்குள் அதன் நகலையும், திருமணம் தொடர்கிறது என்ற உறுதிமொழியையும் ஓ.சி.ஐ. தளத்தில் ஏற்ற வேண்டும். பிள்ளைக்கும் அட்டை வாங்கியிருந்தால், 20 வயது ஆகும்வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டின் நகலையும் இப்படியே ஏற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.