கோப்ராவைக் கட்டியவர் யார்?

கலிபோர்னியாவில் பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியைப் பரிசோதித்துச் சொல்வது என் வேலை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தவை, பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கிட் கார்கள், குறிப்பாக ஷெல்பி கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ரெப்ளிகாக்கள், அதாவது நகல்கள்.

1960-களில் அசல் கோப்ராக்கள் சுமார் ஆயிரம்தான் தயாராயின. முதன்முதலில் கட்டிய கோப்ரா 2016-இல் 1.375 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஆகவே சாலையில் கண்ணில் படுவதெல்லாம் ஏறக்குறைய ரெப்ளிகாதான். மாசசூசெட்ஸில் இருக்கும் ஃபேக்டரி ஃபைவ் போன்ற நிறுவனங்கள் சேசிஸ் (அடிச்சட்டம்), ஃபைபர் கிளாஸ் பாடி, மற்ற பாகங்களை அனுப்பிவிடும். வாங்கியவர் தன் கராஜில் வைத்து, எஞ்சினைத் தானே தேடிப்பிடித்து, மாதக்கணக்கில் பூட்டுவார். சிலருக்கு வருடங்களும் ஆகும்.

அதனால்தான் ஒரே கிட், ஒரே வி8 எஞ்சின் இருந்தும் இரண்டு வண்டிகளின் விலை எங்கெங்கோ நிற்கிறது. வாங்க வருகிறவர் பெயிண்டைப் பார்ப்பார், குதிரைத்திறன் கேட்பார். நான் முதலில் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விடுவேன். வயர்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, ஒழுங்காகக் கட்டி, தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய வயரைப் பார்த்தால், பிரேக் குழாயை இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பேன். சஸ்பென்ஷன் போல்ட்களில் சிலர் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். முடுக்கிய கையோடு கோடும் போட்டவர் வேலையில் அவசரப்பட்டிருக்க மாட்டார் என்று நம்புவேன்.

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் விற்ற வண்டிக்குத் தடித்த ஃபைல் ஒன்று இருந்தது. எல்லா ரசீதும், ஒவ்வொரு கட்டத்தின் படமும் அதில் இருந்தன. கேட்ட விலையோ பாகங்களின் செலவைக்கூடத் தாண்டவில்லை. இந்தச் சந்தையில் அவர் உழைத்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். பேரம் பேச நினைத்த வாங்குபவரிடம், "இதுக்கு மேல குறைக்கக் கேக்காதீங்க, இந்த வேலை வேற எங்கயும் கிடைக்காது" என்று சொன்னேன்.

அப்புறம் பதிவு. கலிபோர்னியாவில் எஸ்பி 100 என்ற சட்டப்படி, ஆண்டுக்கு 500 கிட் வண்டிகள் மட்டும், பாடியோ எஞ்சினோ எந்த ஆண்டு மாடலை ஒத்திருக்கிறதோ அந்த ஆண்டின் புகை விதிக்குள் வரலாம். அந்தச் சான்று உள்ள வண்டியை வாங்குபவர் நிம்மதியாக ஓட்டலாம். அந்தச் சான்று வாங்காமல், ரெப்ளிகாவை நேரடியாக '1965 மாடல்' என்று தவறாகப் பதிந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால் அந்தத் தவறான பதிவின் சிக்கலும் சேர்ந்தே கைக்கு வரும். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம் என்றுதான் எழுதிக் கொடுக்கிறேன்.

இப்போது கிட் கட்டிக்கொண்டிருக்கிறவர்களைச் சந்தித்தால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன்: பாடியை ஏற்றி மூடுவதற்கு முன், பிரேக் குழாய் போகும் பாதையையும் வயரிங்கையும் படம் எடுத்து வையுங்கள். மூடிவிட்டால் அதில் பாதியை நானே பார்க்க முடியாது.