செகண்ட் சர்வ் ஒருவழியாக உள்ளே விழுகிறது

முதலில் பெருமை அடித்துக்கொள்கிறேன், விவரம் அப்புறம். எங்கள் டென்னிஸ் கிளப்பின் டபுள்ஸில் ஒரு முழு செட், அதுவும் டை பிரேக் வரை இழுத்த செட். என் சர்வில் ஒரு டபுள் ஃபால்ட்கூட, அதாவது இரண்டு சர்வும் தவறிப் புள்ளியை இழப்பதுகூட, இல்லை. தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்பிய சர்வும் இல்லை. மட்டையை முழு வேகத்தில் வீசி, சுழல் ஏற்றிப் போட்ட செகண்ட் சர்வ். ஆட்டம் முடிந்ததும் பார்ட்னர் கேட்டார்: "என்ன சார், டபுள் ஃபால்ட் கடையை மூடிட்டீங்களா?" முழுசாக மூடவில்லை. அட்வான்டேஜ் பக்கத்துக் கிளை (கோர்ட்டின் இடப்பாதியிலிருந்து போடும் சர்வ்) இன்னும் திறந்துதான் இருக்கிறது. அந்தக் கதை கடைசியில்.

சர்வுக்கான பிடியான காண்டினென்டல் கிரிப்புக்கு இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. ஆட்காட்டி விரலின் அடிமுட்டி கைப்பிடியின் இரண்டாம் பட்டையில் உட்கார வேண்டும் என்பது மட்டை பிடிக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கிளப்பில் பாதிப் பேர் செகண்ட் சர்வுக்கு ஃபோர்ஹேண்ட் கிரிப்பில்தான் நிற்கிறார்கள். வெயிட்டர் தட்டு ஏந்துவது போல மட்டை வானத்தைப் பார்க்கும், அப்படியே பந்தைத் தள்ளிவிடுவார்கள். பழகும்போது அது உள்ளேதான் விழும். 30-40 என்று ஸ்கோர் வந்ததும் கை இறுகும். பந்து வலைக்குப் போகும், இல்லையென்றால் சர்வ் விழ வேண்டிய பெட்டியின் எல்லையான சர்வீஸ் கோட்டைத் தாண்டும். தப்பித்து உள்ளே விழுந்தாலும் எதிராளி இரண்டு அடி முன்னே வந்து நின்று சாத்துவார். வலையருகே நிற்கும் நம் பார்ட்னர் பாவம்.

"செகண்ட் சர்வைக் கொஞ்சம் மெதுவா போடுங்க, உள்ள விழும்" என்று சொல்லாத ஆள் இல்லை. இந்த அறிவுரையைத்தான் நான் முதலில் தூக்கிப் போட்டேன். அதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனிலிருந்து வலை 11.89 மீட்டர். வலையிலிருந்து சர்வீஸ் கோடு 6.40 மீட்டர். வலையின் உயரம் நடுவில் 91.4 செ.மீ., கம்பத்தருகே 1.07 மீட்டர். என்னைப் போன்ற சராசரி உயரக்காரர் பந்தை அடிக்கும் உயரம் சுமார் 2.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வலையின் நடுவை உரசிக்கொண்டு ஒரு நேர்கோடு இழுத்தால், அது தரையைத் தொடும் இடம் சர்வீஸ் கோட்டுக்கு 5 செ.மீ. வெளியே! நேர்கோட்டில் பறக்கும் பந்துக்கு உள்ளே விழ வழியே இல்லை. ஏதாவது ஒன்று அதை வளைத்து இறக்க வேண்டும். புவியீர்ப்பை மட்டும் நம்பினால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், அதாவது மெதுவாக அடிக்க வேண்டும். டாப்ஸ்பின்னை, அதாவது பந்தின் முன்னோக்கிய சுழலை, நம்பினால் வலைக்கு மேலே தாராளமாக இடம் விட்டு அடிக்கலாம், பந்து தானாக இறங்கும். சுழல் வேண்டுமென்றால் மட்டை வேகமாகப் போயாக வேண்டும். ஆக, செகண்ட் சர்வில் வீச்சைக் குறைப்பதுதான் ஆபத்து. முதல் சர்வுக்கு எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம் இதற்கும். வேகத்தில் பெரும்பங்கு சுழலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இது புரிவதற்கு ஒரு மாலை போதும். கைக்கு வர மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் பெரும்பகுதியைத் தின்றது டாஸ், அதாவது சர்வுக்காகப் பந்தை மேலே தூக்கிப் போடுவது.

டாஸைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டென்னிஸில் எதிராளியின் குறுக்கீடே இல்லாமல் நாமே முழுசாகச் செய்யும் ஒரே காரியம் சர்வ். அதிலும் பந்து எங்கே இருக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்கிறோம். அப்படியிருந்தும் அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துக்குப் போகிறதென்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நான் கண்டுபிடித்த வரை சிக்கல் மூன்று இடங்களில் இருந்தது. ஒன்று, பந்தை உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பது. விரல் நுனிகளில் லேசாக ஏந்திக்கொண்டால் விடும்போது பந்து சுழலாது. பந்தில் அச்சடித்த எழுத்தைப் பாருங்கள்: மேலே போகும்போது எழுத்து நிலையாகத் தெரிந்தால் டாஸ் சுத்தம். கிறுகிறுவென்று சுற்றினால் விரல் எங்கேயோ ஒட்டியிருக்கிறது. இரண்டு, முழங்கை. மடங்கினால் பந்து பின்னால் தலைக்கு மேல் போகும். கை நீட்டியபடி தோளிலிருந்தே உயர வேண்டும், கண் மட்டத்தில் விரல்கள் விரிய வேண்டும், விட்ட பிறகும் கை மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது, யாரும் அதிகம் சொல்லாதது: கை போகும் திசை. வலையை நோக்கிக் கையைத் தூக்கினால் கொஞ்சம் பிந்தினாலும் பந்து முன்னுக்கோ பின்னுக்கோ வெகுதூரம் விலகும். கிட்டத்தட்ட பேஸ்லைனுக்கு இணையாக, வலப்பக்கக் கம்பத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினால் உடம்பு திரும்பவும் உதவுகிறது, பந்தும் ஒரே தளத்தில் நிற்கிறது. நான் வலக்கைக்காரன், இடக்கைக்காரர்கள் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவும்.

பழகிய விதம் சலிப்பானது. கோர்ட் ஓரத்தில் செங்குத்தான கம்பம் ஒன்றின் பக்கத்தில் நின்று, அடிக்காமல் டாஸ் மட்டும். கம்பத்தை ஒட்டியே ஏறி ஒட்டியே இறங்க வேண்டும். அப்புறம் மட்டையைத் தரையில் வைத்து, விழும் பந்து மட்டையின் தலைமேல் விழுகிறதா என்று பார்ப்பேன். முதல் சர்வுக்கு மட்டை பேஸ்லைனுக்கு ஓரடி உள்ளே. செகண்ட் சர்வுக்கு அதைவிடக் கொஞ்சம் பின்னே, இடப்பக்கம் தள்ளி, கிட்டத்தட்ட தலைக்கு நேரே. பக்கத்துக் கோர்ட்டில் ஆடுபவர்கள் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.

உயரமும் முக்கியம். ரொம்ப உயரமாகப் போட்டால் நேரம் கிடைக்கும் என்று தோன்றும், உண்மையில் குறையும். அடிக்கும் இடத்துக்கு மேலே 1 மீட்டர் போய் இறங்கும் பந்து அங்கே வரும்போது வினாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். 30 செ.மீ. மட்டும் மேலே போனால் 2.4 மீட்டர்தான். மட்டைத் தலையின் நீளம் சுமார் 33 செ.மீ. என்று வைத்தால், உயர டாஸ் அந்த இடைவெளியை 0.07 வினாடியில் கடக்கிறது, தாழ்ந்த டாஸ் 0.11 வினாடி எடுக்கிறது. படிக்கச் சின்ன வித்தியாசம். காற்று அடிக்கிற நாளில் அதுவே எல்லாம். என் டாஸை இறக்கியதும் தாளமும் சேர்ந்து மாறியது, அதற்கு மறுபடி பழக வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. டாஸ் கெட்டால் அடிக்காதீர்கள், பிடித்துவிடுங்கள். மட்டையை வீசாத வரை விதிப்படி அது ஃபால்ட் இல்லை. எங்கள் கிளப்பில் ஒருவர் இரண்டாம் தடவை பிடித்தாலே "ஃபால்ட்" என்று முணுமுணுப்பார். விதியைச் சொன்னால் கேட்கமாட்டார். கீழ்க்கை சர்வ் போட்டாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். 1989 பிரெஞ்சு ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங் தசைப்பிடிப்போடு இவான் லெண்டலுக்கு எதிராகக் கீழ்க்கை சர்வ் போட்டது இவருக்கு மட்டும் தெரியாது போல.

வீச்சுக்கு ஒரே ஒரு பயிற்சிதான் கைகொடுத்தது: முட்டி போட்டு சர்வ் போடுவது. பேஸ்லைனில் துண்டை மடித்து முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு போடுங்கள். அவ்வளவு தாழ்விலிருந்து பந்தை வலை தாண்டவும் வைத்து உள்ளேயும் இறக்க, மேல்நோக்கித் தேய்ப்பதைத் தவிர வழியே கிடையாது. மட்டையின் விளிம்பு முதலில் பந்தை நோக்கி ஏற வேண்டும், கடைசி நொடியில்தான் முன்கை திரும்பி முகம் காட்ட வேண்டும். பந்தின் பின்பக்கத்தைக் கடிகாரமாக நினைத்தால் 8 மணியிலிருந்து 2 மணிக்குத் தேய்க்கிறேன். கொஞ்சம் டாப்ஸ்பின், கொஞ்சம் ஸ்லைஸ், அதாவது பக்கவாட்டுச் சுழல். எழுந்து நின்று அதே மாதிரி போட்ட முதல் நாள் பந்து வலைக்கு மேலே ஓராள் உயரத்தில் போனது. போச்சு, வெளியே என்று நினைத்தேன். சர்வீஸ் பாக்ஸின் நடுவில் விழுந்து துள்ளியது. சத்தம் போட்டே சிரித்துவிட்டேன்.

ஆட்டத்தில் வந்த தலைவலி வேறு. பதற்றம் வந்தால் கை தனக்குத் தெரியாமல் ஃபோர்ஹேண்ட் கிரிப்புக்கு நழுவும். கைப்பிடியின் மேல் சுற்றும் ஓவர்கிரிப்பில், அடிமுட்டி உட்கார வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். பந்தைத் தரையில் தட்டும்போதே புள்ளியைப் பார்த்துவிடுவேன். ஓவர்கிரிப் மாற்றும்போதெல்லாம் மறுபடி வைக்க வேண்டும், பரவாயில்லை.

ஸ்ட்ரிங் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுவில் முழங்கை மக்கர் செய்தது. சுழல் வேண்டுமானால் பாலியஸ்டர் என்று எல்லோரும் சொல்வார்கள். 1997-ல் பிரேசில் வீரர் குவெர்ட்டன் லக்ஸிலான் நிறுவனத்தின் பாலியஸ்டரோடு பிரெஞ்சு ஓப்பனை வென்றதிலிருந்து அது தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஸ்ட்ரிங் ஆகிவிட்டது. நானும் போட்டேன். ஸ்ட்ரிங் போட்டுத் தருபவர் ஒருவர், நான் 50 பவுண்ட் டென்ஷன் (இழுவிசை) கேட்க, "டைட்டா இருந்தாதான் கன்ட்ரோல்" என்று 58-ல் இழுத்துக் கொடுத்தார். பலகையால் அடிப்பது மாதிரிதான். பாலியஸ்டர் அறுவதற்கு வெகு முன்பே செத்துவிடும். டென்ஷன் போய், அதிர்ச்சி எல்லாம் கைக்கு வரும். வாரத்துக்கு நாலைந்து தடவை ஸ்ட்ரிங் அறுப்பவர்களுக்குச் சரி. அறுபடாத ஸ்ட்ரிங்கை மாதக்கணக்கில் வைத்திருக்கும் நமக்கு மெல்லிய இழைகள் பல சேர்ந்த மல்டிஃபிலமென்ட்தான் நல்லது. மாற்றினேன், முழங்கை சமாதானமானது, சுழலில் பெரிய நஷ்டம் தெரியவில்லை. வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருஷத்துக்கு அத்தனை தடவை ஸ்ட்ரிங் மாற்றுவது என்ற பழைய கணக்கையே பின்பற்றுகிறேன். பாலியஸ்டருக்கு அதுவும் போதாது.

பந்தும் ஏமாற்றும். கூடை நிறைய பழைய பந்து வைத்துக்கொண்டு சர்வ் பழகிவிட்டு, "துள்ளவே இல்லையே" என்று மனம் நொந்துபோவதில் அர்த்தமில்லை. புதுப் பந்து 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினத் தரையில் போட்டால் 135-லிருந்து 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. டப்பா திறந்த நாளிலிருந்து உள்ளே இருக்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். வாலி பழகவும் டாஸ் பழகவும் பழைய பந்து போதும். துள்ளலைச் சோதிக்க நல்ல பந்து நாலு தனியாக வைத்திருக்கிறேன், ராலிக்கு யாருக்கும் கொடுப்பதில்லை.

இனி அட்வான்டேஜ் பக்கம். டியூஸ் பக்கத்தில், அதாவது வலப்பாதியில், என் சர்வ் இடப்பக்கம் வளைந்து, ரிட்டர்ன் எடுப்பவரைக் கோர்ட்டுக்கு வெளியே இழுக்கிறது. அதே சர்வ் அட்வான்டேஜ் பக்கத்தில் வலக்கைக்காரரின் ஃபோர்ஹேண்டைத் தேடி வளைந்து போகிறது. கிட்டத்தட்ட பரிசு. இங்கே வேண்டியது கிக்: காற்றில் இடப்பக்கம் வளைந்து, தரையில் பட்டதும் வலப்பக்கம் எகிறி, பேக்ஹேண்டில் தோளுயரத்துக்கு ஏற வேண்டும். டாஸ் இன்னும் இடப்பக்கம், தேய்ப்பு 7-லிருந்து 1 மணிக்கு. என் கிக் எகிறுகிறது, ஆனால் நேராகத்தான் எகிறுகிறது, திரும்ப மறுக்கிறது. டாஸை மேலும் இடப்பக்கம் கொண்டுபோனால் முதுகு வளைய வேண்டியிருக்கிறது, மறுநாள் காலை முதுகு அதற்குப் பதில் சொல்கிறது. இதில் அவசரப்படப் போவதில்லை. 2022-ல் முன்னணி வீராங்கனை சபலென்காவே ஆட்டத்துக்கு ஆட்டம் டபுள் ஃபால்ட்களால் தவித்து, உடலியக்க நிபுணரை வைத்து சர்வைச் சரிசெய்து, 2023-ல் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். அவருக்கே அவ்வளவு வேலை இருந்தது.

இதற்கிடையில் மனசு வேறு இடத்துக்குத் தாவிவிட்டது. காண்டினென்டல் கிரிப் கைக்குப் பழகியதால் பேக்ஹேண்ட் ஸ்லைஸ் தானாகவே தாழ்ந்து வழுக்கிப் போக ஆரம்பித்திருக்கிறது. அதை வைத்து வலைக்கு ஏற முயல்கிறேன். ரிட்டர்னில் ஸ்ப்ளிட் ஸ்டெப், அதாவது அந்தச் சின்னக் குதிப்பு, எப்போதும் பிந்துகிறது. எதிராளி பந்தை அடிக்கும் நொடியில் நான் காற்றில் இருக்க வேண்டும், ஆனால் அப்போதுதான் குதிக்கவே நினைக்கிறேன். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். கிக் படியும் வரை அட்வான்டேஜ் பக்கத்தில் நேராக உடம்பைப் பார்த்துப் போடுவது என்று பார்ட்னரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வளைந்து வரும் பந்து இடுப்பில் சிக்கினால் பலருக்கும் மட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரிவதில்லை.